சாமிவேலுவின் செல்வாக்கு கரைந்த கதை: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2008-ல் பள்ளிக்கூடப் பை தூக்கிய பிள்ளைகள் இன்று ஓட்டுப் போடுகிறார்கள். வீட்டில் தாத்தா ஒரு கதை சொல்கிறார். பெரியப்பா அதற்கு நேர்மாறாக இன்னொன்று சொல்கிறார். இரண்டும் சாமிவேலுவைப் பற்றித்தான். எது உண்மை என்று பிள்ளைகள் கேட்டால், "அதெல்லாம் உனக்குத் தெரியாது" என்று வாயை அடைத்துவிடுகிறோம். தோட்டத்தில் பிறந்து, மலேசியாவில் பேராக் மாநிலத்து இந்தச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் வளர்ந்தவன் நான். அவருடைய ஏற்றத்தையும் இறக்கத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தவன். இளையவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சாமிவேலு யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1936 மார்ச் 8-ல் ஜொகூர் மாநிலம் குளுவாங்கில், பால்மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். ஆபீஸ் பையனாக வேலைக்குச் சேர்ந்து, படம் வரையக் கற்று, பின்னர் கட்டடக் கலைஞராகத் தேறியவர். வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். 1959-ல் ம.இ.கா.வில் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) சேர்ந்தார். 1974-ல் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1979-ல் தலைவர் மாணிக்கவாசகம் மறைந்ததும் கட்சித் தலைமை இவர் கைக்கு வந்தது. அதே ஆண்டில் அமைச்சருமானார். பொதுப்பணி, பிறகு எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல், மறுபடியும் பொதுப்பணி என்று 2008 வரை அமைச்சரவையில் இருந்தார். 2010 டிசம்பரில் கட்சித் தலைமையை விட்டார். 2022 செப்டம்பர் 15-ல் காலமானார்.

இங்கே மட்டும் தொடர்ந்து எட்டுப் பொதுத்தேர்தல்களில் வென்றார். 34 ஆண்டுகள். அதாவது அவர் முதலில் ஜெயித்த வருஷம் பிறந்த பிள்ளை, அவர் தோற்றபோது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

குளுவாங்காரர் ஏன் சுங்கை சிப்புட்டில் நின்றார்?

இது ம.இ.கா. தலைமையின் தொகுதி. கட்சித் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர். 1959 முதல் அவர் வென்ற தொகுதி. 1973-ல் அவர் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் சாமிவேலு இங்கே நிறுத்தப்பட்டார்.

ஊரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் இதை ஒரு சின்னப் பட்டணம் என்று கடந்துபோய்விடுகிறார்கள். எல்பில், ஹீவுட், கமுனிங், டவன்பி என்று சுற்றிலும் தோட்டங்கள். 1948 ஜூன் 16-ல் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் மூவர் இங்கேதான் கொல்லப்பட்டார்கள். நாடு முழுக்க அவசரகாலச் சட்டம் வந்தது அதையொட்டித்தான். 1954-ல் விஜயலட்சுமி பண்டிட் வந்து மகாத்மா காந்தி கலாசாலையைத் திறந்து வைத்தார். மலாயாத் தமிழர் அரசியலின் பெரிய பக்கங்களில் இந்த ஊரின் பெயர் இருக்கிறது.

ஓர் அரசியல்வாதிக்கு சினிமா நடிகர் போலக் கூட்டம் கூடியது எப்படி?

குரல். முதல் காரணம் அதுதான். வானொலியில் பழகிய குரல். மேடையில் ஏறினால் ஒலிபெருக்கியே தேவையில்லை என்பது போல் பேசுவார். திட்டுவார், சிரிக்க வைப்பார், அடுத்த நிமிஷம் கண் கலங்கப் பேசுவார். மலாய்க்கார அமைச்சர்கள் நடுவில் நம்மாள் ஒருவர் அதட்டிப் பேசுகிறார் என்பதே தோட்டத்து மக்களுக்குப் பெரிய தெம்பு. கிராணி (தோட்டத்துக் கணக்கர்) குரல் உயர்த்தினாலே தலை குனிந்து நின்ற தலைமுறை அது. அந்தத் தலைமுறைக்கு, பால்மரம் வெட்டியவர் மகன் டத்தோ ஸ்ரீ பட்டம் பெற்று, பினாங்குப் பாலம் கட்டும்போது பொதுப்பணி அமைச்சராக இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். 1985-ல் பாலம் திறந்தபோது அதைத் தங்கள் வீட்டு விசேஷம் போலப் பேசியவர்களை நான் அறிவேன்.

இரண்டாவது காரணம், பத்திரிகை. தமிழ் நேசன் அவர் குடும்பத்தின் நிர்வாகத்தில் இருந்தது. அவர் படம் இல்லாமல் முதல் பக்கம் வருவது அபூர்வம். கட்சிக்காரர்கள் "தானைத் தலைவர்" என்று எழுதினார்கள், அழைத்தார்கள், பதாகை கட்டினார்கள். மாலை, பொன்னாடை, கைதட்டல் இல்லாமல் அவர் ஓர் ஊருக்குள் வந்து போனதில்லை. இந்தப் பழக்கத்தை அவர் மட்டும் உண்டாக்கவில்லை. நாமும் சேர்ந்துதான் உண்டாக்கினோம்.

அவரால் உண்மையில் நமக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமே செய்யவில்லை என்கிறார்களே?

ஒன்றுமே செய்யவில்லை என்பது பொய். ம.இ.கா.வின் கல்விப் பிரிவான எம்.ஐ.இ.டி. 1984-ல் தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் நின்ற எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் அதன் கடனுதவியில் படித்தார்கள். 2001-ல் கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வந்தது. மருத்துவமும் பல் மருத்துவமும் படிக்கப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப வசதியில்லாத குடும்பங்களுக்கு அது திறந்த வழி. இவற்றை அவர் விடாப்பிடியாக நின்று செய்தார். அவரைப் பிடிக்காதவர்களும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அவருடைய செல்வாக்கின் அடித்தளம் பல்கலைக்கழகம் அல்ல. கடிதம்.

விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் எழுந்ததும் விழுந்ததும் இதை வைத்துத்தான். தோட்டத்தில் இருந்த ஒருவருக்கு அரசாங்கம் என்பது எட்டாத இடம். மலாய் சரளமாக வராது. பிறப்புப் பத்திரம் இல்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு. லோரி பெர்மிட் வேண்டும், சமூகநல உதவி வேண்டும், கோயிலுக்கு மானியம் வேண்டும், பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வழி: ம.இ.கா. கிளைத் தலைவரைப் பார்க்க வேண்டும். அவர் தொகுதித் தலைவரைப் பார்ப்பார். அங்கிருந்து மேலே போகும். மேலே இருப்பவர் சாமிவேலு. அவர் கையெழுத்துப் போட்டால் காரியம் நடக்கும், போடாவிட்டால் நடக்காது. தோட்டத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் இருந்த ஒரே வாசல் அவர்தான்.

வாசல் ஒன்றே ஒன்றாக இருக்கும்போது அதில் நிற்பவரைக் கும்பிடத்தான் செய்வார்கள். அந்தக் கும்பிடில் உண்மையான நன்றியும் இருந்தது, வேறு வழியில்லாத கட்டாயமும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாமே தன்மேல் உள்ள அன்பு என்று அவர் எடுத்துக்கொண்டார். அவருடைய பெரிய பிழை இது என்பது என் கருத்து.

கட்சிக்குள் அவருக்கு எதிர்ப்பே இல்லையா?

இருந்தது, நிறைய இருந்தது. எதிர்த்தவர்கள் நிலைக்கவில்லை. எம்.ஜி. பண்டிதன் கட்சியின் உதவித் தலைவராக இருந்தவர், அடிமட்டத் தொழிலாளர்களிடம் நல்ல பிடிப்புள்ளவர். 1988-ல் நீக்கப்பட்டார், 1990-ல் ஐ.பி.எப். என்ற தனிக்கட்சி கண்டார். டத்தோ சுப்பிரமணியம் 1989-ல் தலைவர் பதவிக்கு நேருக்கு நேர் போட்டியிட்டுத் தோற்றார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரின் பகை இருபது ஆண்டு ஓடியது. கிளைக்குக் கிளை இரண்டு அணி, கோயிலுக்குக் கோயில் இரண்டு அணி. கல்யாண வீட்டில் எந்த அணிக்காரரை முதலில் மேடைக்கு அழைப்பது என்பதற்குக்கூடச் சண்டை நடந்திருக்கிறது.

இந்தப் பிளவில் நம் சமுதாயம் இழந்த ஆட்களை நினைத்தால் இன்றும் மனம் வேதனைப்படுகிறது. படித்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள், உழைக்கக் காத்திருந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். யார் வளர்ந்தாலும் தனக்குப் போட்டி என்று ஒரு தலைமை நினைக்க ஆரம்பித்தால், அந்தத் தலைமை போகும்போது இடத்தை நிரப்ப ஆள் இருக்காது. 2010-க்குப் பிறகு ம.இ.கா.வில் நடந்ததைப் பார்த்தால் தெரியும்.

மைக்கா விவகாரம் என்ன? வயதானவர்கள் ஏன் அந்தப் பெயரைக் கேட்டாலே கோபப்படுகிறார்கள்?

இந்தியர்களின் பொருளாதாரப் பங்கை உயர்த்த 1982-ல் ம.இ.கா. தொடங்கிய முதலீட்டு நிறுவனம் மைக்கா ஹோல்டிங்ஸ். கிளை கிளையாகக் கூட்டம் போட்டு பங்கு வாங்கச் சொன்னார்கள். ஏறக்குறைய 66,000 பேர் வாங்கினார்கள். சேர்ந்த பணம் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல். அதைக் கொடுத்தவர்கள் பணக்காரர்கள் இல்லை. பால்மரம் வெட்டியவர்கள், புல்வெட்டியவர்கள், நகையை அடகு வைத்தவர்கள், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்தவர்கள்.

நிறுவனம் எதிர்பார்த்தபடி வளரவில்லை. லாபப் பங்கு பேருக்கு வந்தது, பல ஆண்டுகள் வரவேயில்லை. 1990-ல் டெலிகாம் நிறுவனத்தின் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்தபோது, இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு கோடிப் பங்குகளில் மைக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது பத்து லட்சம்தான். மீதி வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. இது வெளியே தெரிந்ததும் பெரிய புயல் கிளம்பியது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. சாமிவேலு மீது வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. தன் பக்கம் தவறில்லை என்று அவர் கடைசிவரை சொன்னார்.

2010-ல் தொழிலதிபர் ஞானலிங்கத்தின் குடும்ப நிறுவனம் ஒரு பங்குக்கு 80 காசு என்று கொடுத்து வாங்க முன்வந்தது. 1982-ல் ஒரு ரிங்கிட் போட்டவருக்கு 28 வருஷம் கழித்து 80 காசு. அதைக்கூடப் பார்க்காமல் செத்துப்போனவர்கள் எத்தனையோ பேர்.

வழக்கு இல்லை என்பது சட்டத்தின் பேச்சு. மக்களின் மனக்கணக்கு வேறு. நகையை வைத்துப் பணம் கட்டியவருக்கு, "எங்கே தவறு நடந்தது, ஏன் நடந்தது" என்று தலைவர் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். அந்த விளக்கம் வரவே இல்லை. கூட்டத்தில் எழுந்து கேட்டவர்களை உட்காரச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து, தோட்டத்து மக்கள் அவரிடமிருந்து மனதளவில் விலகத் தொடங்கியது இங்கேதான். ஓட்டில் அது தெரிய இன்னும் வருஷங்கள் ஆயின.

டோல் கட்டணத்துக்காகவும் அவரைத் திட்டுவார்களாமே?

ஆமாம், அது எல்லா இனத்தவரும் திட்டியது. நெடுஞ்சாலைக் கட்டணம் ஏறும்போதெல்லாம் பொதுப்பணி அமைச்சர் என்ற முறையில் அவர்தான் வந்து நியாயம் சொன்னார். ஒப்பந்தங்களை முடிவு செய்தது மொத்த அமைச்சரவை, முகம் அவருடையது. கோலாலம்பூரில் இது பெரிய பிரச்சினை. இங்கே தோட்டத்தில் கார் வைத்திருந்தவர் எத்தனை பேர்?

தோட்டங்கள் மூடப்பட்டதற்கு அவர் என்ன செய்வார்? அது அவர் குற்றமா?

மூடப்பட்டது அவர் குற்றமில்லை. ரப்பர் விலை விழுந்தது, கம்பெனிகள் செம்பனைக்கு மாறின. செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். வேண்டிய ஆளுக்கும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் குறைந்த சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். பட்டணத்தை ஒட்டிய தோட்டங்களை வீடமைப்புக்கு விற்றார்கள். இது உலகச் சந்தையின் போக்கு. எந்த ஒரு தலைவராலும் தடுத்திருக்க முடியாது.

ஆனால் மூடப்படும்போது அங்கே வாழ்ந்தவர்களுக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வி இருக்கிறதே, அது முழுக்க அரசியல் கேள்வி. தோட்டத்தில் வீடு வேலையோடு வரும். வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) வாழ்ந்திருந்தாலும் கையில் ஒரு கிராண்ட் (நிலப் பட்டா) கிடையாது. அரசாங்கத்தின் நிலத்திட்டங்களில் மலாய்க் கிராமத்துக் குடும்பங்கள் நிலம் பெற்ற அதே காலத்தில், நம்மவர்கள் கைச்செலவுக்கு நஷ்டஈடு வாங்கிக்கொண்டு பட்டணத்து ஓரத்தில் பலகை வீட்டுக்குப் போனார்கள். அரசாங்க நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா எழுந்தது பிராங் புசார் முதலிய தோட்டங்களின் மேல்தான். அங்கிருந்த குடும்பங்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டடத்தின் விரிசல்களைப் பற்றி எத்தனை மனுக்கள் கொடுத்தார்கள்! அமைச்சரவையில் நம் பிரதிநிதி இருந்த காலம்தான் அது.

இங்கேதான் அவருடைய செல்வாக்கின் ஆணிவேர் அறுந்தது. தோட்டம் இருந்தவரை கிளைத் தலைவர் லயத்துக்கு வந்தால் போதும், நூறு குடும்பத்தின் ஓட்டு ஓர் இடத்தில் கிடைக்கும். தோட்டம் கலைந்ததும் அந்தக் குடும்பங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிதறின. பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள், மலாய் பேசினார்கள், பாரத்தைத் தாங்களே நிரப்பினார்கள். அவர்களுக்குக் கடிதம் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட வேலையும் வீடும் அந்தக் கடிதத்தால் கிடைக்கவுமில்லை. தலைவரோ இன்னும் மாலையும் மேடையும் உள்ள பழைய தோட்டத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் அவரை வீழ்த்தியது ஹிண்ட்ராஃப் இல்லையா?

வீழ்ச்சியை நாடறியச் செய்தது, இந்து உரிமைப் போராட்ட இயக்கமான ஹிண்ட்ராஃப். ஆனால் அதற்கு முன்பே உள்ளே அரித்துப்போயிருந்தது.

2007 அக்டோபர் இறுதியில், தீபாவளிக்குச் சில நாள் முன்பாக, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. நவம்பர் 25-ல் கோலாலம்பூரில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள். கண்ணீர்ப்புகை, ரசாயன நீர், கைது. "மக்கள் சக்தி" என்ற முழக்கம் அன்றுதான் வீட்டு வாசல்வரை வந்தது. டிசம்பர் 13-ல் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துக் கமுந்திங் தடுப்பு முகாமில் அடைத்தார்கள்.

கோயில் உடைப்பைச் சாமிவேலுவும் கண்டித்தார். ஆனால் பேரணியை எதிர்த்தார். அரசாங்கத்தின் பக்கம் நின்று பேசினார். ஐம்பது வருஷமாக யாரையும் எதிர்த்துத் தெருவில் இறங்காத மக்கள் இறங்கியிருக்கிறார்கள். அந்த வேளையில் அவர்கள் எதிர்பார்த்தது ஏச்சு அல்ல, "என்ன குறை" என்ற ஒரு கேள்வி. இங்கிருந்தும் வாடகை வேன் பிடித்துப் போனார்கள். அவர்களில் சிலர் அவருக்காகவே போஸ்டர் ஒட்டியவர்கள்.

2008-ல் என்ன நடந்தது?

தேர்தல் நாள் மார்ச் 8. அவருடைய 72-வது பிறந்தநாள். டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் 16,458 ஓட்டு, சாமிவேலு 14,637. வித்தியாசம் 1,821. அதற்கு முந்தைய 2004 தேர்தலில் இதே ஜெயக்குமாரை அவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்கடித்திருந்தார். நான்கே வருஷத்தில் அவ்வளவும் தலைகீழ்.

ம.இ.கா. அன்று ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் நின்று மூன்றில்தான் வென்றது. சிலாங்கூரில், கமுந்திங்கில் அடைபட்டிருந்த மனோகரன் சிறையிலிருந்தபடியே கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார்.

ஜெயக்குமார் யார்? அலையில் வந்து ஒதுங்கியவர்தானே?

இல்லை, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் ஈப்போ அரசாங்க மருத்துவமனையில் நுரையீரல் நோய் நிபுணராக இருந்தவர். 1990-களின் தொடக்கத்திலிருந்து "அலைகள்" அமைப்பின் மூலம் சுங்கை சிப்புட் சுற்றுவட்டத் தோட்டங்களில் வீட்டுப் பிரச்சினை, நஷ்டஈடு, டியூஷன் வகுப்பு என்று வேலை செய்தார். 1999-ல் நின்றார், தோற்றார். 2004-ல் நின்றார், தோற்றார். அப்போதும் ஊரை விட்டுப் போகவில்லை. அவருடைய மலேசிய சோசலிசக் கட்சிக்குப் பதிவே கிடைக்காததால் எதிர்க்கட்சியான பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி) சின்னத்தில் நின்றார், தேர்தலுக்குப் பிறகுதான், 2008-ல், பதிவு கிடைத்தது.

அவர் வேலை செய்த முறை வேறு. "நான் செய்து தருகிறேன்" என்று சொல்ல மாட்டார். தோட்டத்து மக்களை உட்காரவைத்து, சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கி, அவர்களையே தொழிலாளர் இலாகாவுக்குப் போய்ப் பேச வைப்பார். இது மெதுவான வழி, சலிப்பூட்டும் வழி. பலர் ஆரம்பத்தில் விரும்பவில்லை. ஆனால் ஒரு தடவை இலாகா அதிகாரி முன்னால் தானே பேசி ஜெயித்த அம்மாவுக்கு, அடுத்த தடவை கிளைத் தலைவர் தேவைப்படாது.

இந்தியர்கள்தான் அவரைத் தோற்கடித்தார்கள் என்பது சரியா?

முழுக்கச் சரியில்லை. இந்தத் தொகுதியில் இந்திய வாக்காளர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மலாய்க்காரர்கள், சீனர்கள், உள்பகுதிகளில் பூர்வகுடி மக்கள் என்று கலந்த தொகுதி. எட்டுத் தேர்தலிலும் அவர் ஜெயித்ததற்கு ஆளுங்கூட்டணியின் பெரிய மலாய்க் கட்சியான அம்னோவின் இயந்திரமும் பூர்வகுடிக் கிராமங்களின் ஓட்டும் பெரிய பங்கு. 2008-ல் சீனர் ஓட்டு பேராக் முழுக்கவே எதிர்க்கட்சிக்குப் போனது. மாநில ஆட்சியே மாறியது. இந்தியர் ஓட்டும் அதோடு சேர்ந்து போனதால் கணக்கு கவிழ்ந்தது. இத்தனை காலமும் மற்ற இனத்து ஓட்டுக் குறையும்போது நம்மவர் ஓட்டு அவரைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைதான் அன்று உடைந்தது.

தோற்றதும் ஏன் விலகவில்லை?

கட்சியைச் சீரமைத்துவிட்டுப் போகிறேன் என்றார். 2009-ல் போட்டியின்றித் தலைவரானார். 2010-ல் அவரை விலகச் சொல்லி கட்சிக்காரர்களே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதில் ஈடுபட்டவர்கள் நீக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் தலைமையைத் துணைத் தலைவர் பழனிவேலிடம் ஒப்படைத்தார். அந்த இரண்டே முக்கால் வருஷம் அவருடைய பெயருக்கு மிகவும் கெடுதல் செய்தது என்று நினைக்கிறேன். தோல்வி அடுத்த நாளே, "மக்கள் சொல்லிவிட்டார்கள்" என்று எழுந்து போயிருந்தால், இன்று அவரை நினைக்கும் விதமே வேறாக இருந்திருக்கும்.

சம்பந்தனோடு அவரை ஒப்பிடுவது நியாயமா?

முழு நியாயமில்லை, காலம் வேறு. ஆனால் ஒரு விஷயத்தில் ஒப்பிட்டே ஆக வேண்டும். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுத் தொழிலாளர்களைத் துரத்திய காலத்தில், சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக நடந்து, மாதம் பத்து வெள்ளி என்று சேர்த்து, தொழிலாளர்கள் காசிலேயே தோட்டங்களை வாங்கினார். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது, நிலம் இருக்கிறது. மைக்காவும் அதே மக்களின் பணம்தான். ஒன்று நிலத்தில் போய் நின்றது, மற்றது காகிதத்தில் போய்க் கரைந்தது. ஊர்ப் பெரியவர்கள் சம்பந்தனைப் பற்றிப் பேசும்போது குரல் தணிவதற்கும், சாமிவேலுவைப் பற்றிப் பேசும்போது குரல் உயர்வதற்கும் இது ஒரு காரணம்.

வெறுத்தவர்களும் 2022-ல் அழுதார்களே, ஏன்?

நாற்பது வருஷம் தினமும் பார்த்த முகம், கேட்ட குரல். அவர் மறைந்தபோது பலருக்குத் தங்கள் இளமைக்காலமே போனது போல் இருந்தது. தோட்டத்துப் பந்தல், தமிழ் நேசன் தலைப்பு, மேடையில் அந்தக் கர்ஜனை எல்லாமே அவரோடு சேர்ந்த நினைவுகள். அழுதவர்களைப் பார்த்து "அன்றைக்கு ஏன் எதிர்த்து ஓட்டுப் போட்டீர்கள்" என்று கேட்பது முறையில்லை. கோபப்பட்டவர்களும் அவரை நம் வீட்டு ஆளாக நினைத்துத்தான் கோபப்பட்டார்கள்.

அவருக்குப் பிறகு ம.இ.கா. இந்தத் தொகுதியைத் திரும்பப் பிடித்ததா?

இல்லை. 2013-ல் தேவமணி நின்று ஜெயக்குமாரிடம் தோற்றார். 2018-ல் பி.கே.ஆரின் கேசவன் வென்றார். சோசலிசக் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்ற ஜெயக்குமாரும் அந்த முறை தோற்றார். அவரைப் போல் பத்து வருஷம் உழைத்தவர் கட்சி அலையில் அடித்துச் செல்லப்பட்டது எனக்கு இன்றும் வருத்தம். 2022 நவம்பரில், சாமிவேலு இறந்து இரண்டு மாதம் கழித்து, ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரனே வந்து நின்றார். கேசவனே மறுபடியும் வென்றார். நாடு முழுக்க ம.இ.கா.வுக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தது தாப்பா தொகுதி ஒன்றுதான்.

கடிதம் வாங்கித் தர இப்போது ஆளில்லை. பாட்டிக்கு இன்னும் சிவப்பு அடையாளக் கார்டு. யாரிடம் போவது?

இந்தக் கேள்வி இன்றும் வருகிறது, அதுவே சொல்லும் எவ்வளவு வேலை மீதி இருக்கிறது என்று. முதலில் பாட்டியின் பழைய தாள்களைத் தேடுங்கள்: தோட்டத்துப் பள்ளியில் படித்த பதிவு, தோட்ட ஆஸ்பத்திரி அட்டை, ஈ.பி.எப். (சேமநிதி) புத்தகம், கல்யாணப் பத்திரம், கூடப்பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரம். தோட்ட நிர்வாகத்தின் பழைய பேரேட்டில் பெயர் இருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தேசியப் பதிவிலாகாவுக்கு நேராகப் போங்கள். மனுக் கொடுத்ததற்கான ரசீதை வாங்காமல் திரும்ப வேண்டாம். பதில் தாமதமானால், எந்தக் கட்சியானாலும் சரி, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் அந்த ரசீதின் நகலைக் கொடுத்து எழுதிக் கேளுங்கள். அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். குடியுரிமை இல்லாத நம்மவர்களின் ஆவணச் சிக்கல்களுக்கு உதவும் அரசு சாரா அமைப்புகளும் இருக்கின்றன, டி.எச்.ஆர்.ஆர்.ஏ. அவற்றில் ஒன்று. மலாயில் எழுதத் தயக்கம் என்றால் வீட்டில் படிக்கும் பேரப்பிள்ளையை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள், இலாகாவுக்கும் அவனையோ அவளையோ கூடவே கூட்டிப்போங்கள்.